மூணு பொட்டலம் கல்லுமாவு

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகத்தி வச்சுக்குங்க சார். கோவிச்சுக்காதீங்க. பை மிதிபட்டா உள்ள இருக்கற பொட்டலம் பிஞ்சு போயிரும். பிஞ்சா ஒண்ணோட ஒண்ணு கலந்துரும். கலந்துட்டா நான் இந்த வெயில்ல பஸ் ஏறினதே தண்டம்.

விபூதி இல்லீங்க. எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. போன மாசம் ஒரு அம்மா கையே நீட்டிருச்சு, நெத்திக்குக் கொஞ்சம் குடுங்கன்னு. கோலமாவும் இல்ல. கல்லுமாவு. கம்பெனியில ஃபில்லர்னு சொல்லுவாங்க. நீங்க உடுமலை வரைக்குமா? அப்ப நான் உங்களுக்கு முன்னாடியே இறங்கிருவேன். கோமங்கலம் புதூர். மக வீடு. என்ற சம்சாரம் இப்ப அங்கதான் இருக்கறா.

உங்க வீட்டுல தண்ணிக்குப் பிளாஸ்டிக் குழாய்தானே போட்டிருப்பீங்க? அதுல வெறும் பிளாஸ்டிக் மட்டுந்தான் இருக்குதுன்னா நினைச்சீங்க? கல்லும் இருக்குது. வெள்ளைக் கல்லை மைதாவாட்ட அரைச்சு உள்ள கலப்பாங்க. கலப்படம்னு மூஞ்சியைச் சுளிக்காதீங்க சார். அளவாக் கலந்தா குழாய்க்கு நல்ல விறைப்புக் குடுக்கும். ஆனா எந்த மாவுங்கறதுலதான் சங்கதியே இருக்குது. கொரகொரன்னு இருந்தா மிசின்ல பிளாஸ்டிக்கைத் தள்ளற ஸ்குருவைத் தின்னுரும். ஈரம் கோத்திருந்தா கட்டி கட்டியா நிக்கும். மணல் சேந்திருந்தா குழாய் அப்பளமாட்ட நொறுங்கும். ஒவ்வொரு மில்லுக்காரனும் ரகரகமா வச்சிருப்பான். நைசு, ரொம்ப நைசு, மேல மெழுகாட்டப் பூச்சுக் குடுத்தது, பூச்சில்லாதது. எல்லாம் பாக்கறதுக்கு ஒரே வெள்ளை. அதுல நமக்கு ஆகறதைப் பொறுக்கறதுதான் என்ற வேலை. மலுமிச்சம்பட்டிப் பக்கம் ஒரு குழாய்க் கம்பெனியில பர்ச்சேஸ். திருமூர்த்தின்னு பேரு. வெறும் திருமூர்த்தின்னா யாருக்கும் தெரியாது. பவுடர் திருமூர்த்தின்னா எல்லா மில்லுலயும் நாற்காலி போடுவாங்க.

போட்டாங்க. இப்பப் போடறாங்களான்னு கேக்காதீங்க.

ஓஞ்சு போச்சுங்க சார். உடம்பு இல்ல, மனசு. இந்தத் திங்கக்கிழமை நான் ஒரு பதில் சொல்லியாகணும். மூணு மில்லுச் சாம்பிள் வந்திருக்குது, இந்தா, இந்தப் பையில. மூணுல எதுன்னு சொல்லணும். தப்பாச் சொல்லிட்டா, அன்னைக்கே நான் வீட்டுக்குப் போயிக்கலாம். சின்ன மொதலாளி வாய்விட்டுச் சொல்லல. ஆனா சொல்லிட்டாரு. அது எப்படீங்கறதை அப்பறம் சொல்றேன்.

டெஸ்ட் ரிப்போர்ட் இருக்குமேன்னு கேக்கறீங்க. இருக்குதுங்க. மூட்டையோட கூடவே வரும். நீங்க என்ன கேட்டீங்களோ அதையே அச்சடிச்சு அனுப்புவான். இத்தனை வருசத்துல, எங்க மாவு கொஞ்சம் மட்டம்னு எழுதின ஒரு ரிப்போர்ட்டை நான் பாத்ததில்ல. எங்க கம்பெனியில லேபுன்னு ஒரு ரூம் இருக்குது. அதுல ஒரு தராசும் ஒரு சுத்தியலும் இருக்குது. குழாயை வச்சு சுத்தியல்ல ஒரு போடு. ஒடையலைன்னா லாரியில ஏத்து. அது குழாய் வந்ததுக்கு அப்பறம் பாக்கறது. மாவு வாங்கறதுக்கு முன்னாடி பாக்கறது யாரு?

என்ற சம்சாரந்தான்.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். அம்சவேணின்னு பேரு. ஆரம்பத்துல ஒரு நாள் மிச்சமிருந்த சாம்பிள் பொட்டலத்தைக் கோலத்துக்கு ஆகட்டும்னு வீட்டுக்குக் கொண்டாந்தேன். வாசல்ல கோலம் போட்டுட்டு உள்ள வந்து, "இதென்ன மாமா, ரவையாட்ட நறநறங்குது, வெரலை அறுக்குது"ன்னா. நான் காதுல வாங்கல. அந்த மாவைத்தான் லோடு லோடா எறக்கினோம். கொஞ்ச நாள்ல மிசின் ஸ்குரு தேஞ்சு கோயமுத்தூர்ல இருந்து ஆள் வந்து கழட்டிப் போட்டாங்க. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. அட, நம்ம வீட்டுலயே ஒரு லேபு இருக்குதேன்னு.

அதுக்கப்பறம் எந்தச் சாம்பிள் வந்தாலும் டிபன் கேரியர்ல போட்டு வீட்டுக்குக் கொண்டாந்துருவேன். அவ அதுக்குன்னு ஒரு மொறையே வச்சிருந்தா. பழைய மெல்லிசு வாயில் சேலையைக் கிழிச்சு, கிண்ணத்து வாயில கட்டி, அதுல மாவைச் சலிப்பா. மேல நிக்கறது எவ்வளவுன்னு பாப்பா. ஒரு சிட்டிகையைத் தண்ணி டம்ளர்ல போடுவா. பூச்சுக் குடுத்த மாவா இருந்தா மெதக்கும், இல்லாட்டி முழுகும். எலுமிச்சம்பழம் பிழிவா. நல்ல கல்லுன்னா புசுபுசுன்னு பொங்கும். அப்பறம் கொஞ்சமா நுனிப்பல்லுல வச்சு நறநறங்குதான்னு கடிச்சுப் பாப்பா. எல்லாம் அடுப்படியில வச்சுத்தான். பொழுதோட எனக்குக் காப்பி குடுக்கறப்ப, "ரெண்டாவது ஆகும் மாமா, மத்தது ஆகாது"ன்னு சொல்லிருவா. அவ்வளவுதான். மறுநாள் நான் ஆபீசுல போய், கையில கொஞ்சம் மாவை எடுத்து, பெருவெரல்ல தேச்சுப் பாத்து, கண்ணை மூடி, "ரெண்டாவதுக்கு ஆர்டர் போடுங்க"ம்பேன்.

பெரிய மொதலாளி இருந்த காலத்துல வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாரு, திருமூர்த்தி வெரல்ல கண்ணு இருக்குதுன்னு. நான் சும்மா சிரிச்சுக்குவேன். வீட்டுல இருக்கறவ செஞ்சா என்ன, நான் செஞ்சா என்ன? புருசன் பொண்டாட்டியில அதெல்லாம் பிரிச்சுப் பாக்க முடியுமா சார்? தீபாவளிக்கு மில்லுக்காரங்க குடுக்கற ஸ்வீட் பாக்ஸ் பூராவும் அவகிட்டத்தானே குடுத்தேன். அவளுக்கு சுகர் இருக்கறதால திங்கமாட்டா. அது வேற விசயம்.

தூசிக்கு இருமல் வராதான்னா கேக்கறீங்க? அது அவளுக்கு எப்பவும் இருக்கறதுதாங்க. எங்க தெருவுல புறா ஜாஸ்தி. எதுத்த வீட்டுக்காரன் தினமும் குப்பைக்குத் தீ வைக்கறவன். இவ வேற வெள்ளி செவ்வாய்க்கு சாம்பிராணி போடாம இருக்கமாட்டா. இருமாம என்ன பண்ணும்?

இப்ப என்ற வருத்தத்துக்கு வர்றேன். நீங்க நடுநாயமாக் கேளுங்க.

போன ஆடி மாசம். காத்துன்னா காத்து, பாலக்காட்டுக் கணவாய்க்குள்ள இருந்து கெளப்பிக்கிட்டு வருது. அன்னைக்கு நாலு சாம்பிள். நாலும் சேலையில ஒரே மாதிரி எறங்குச்சு. எலுமிச்சைக்கு நாலும் ஒரே மாதிரி பொங்குச்சு. நாலும் டம்ளர்ல மெதந்துச்சு. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். அவ பாத்திரத்தைக் கழுவிக்கிட்டே "மூணாவது ஆகும்"ன்னா. எல்லாம் ஒண்ணாத்தானே இருந்துச்சு, நீ எதை வச்சுச் சொல்றேன்னு கேட்டேன்.

அவ திரும்பிக்கூடப் பாக்கல. "எதுக்கு இருமல் கம்மியா வருதோ, அதை ஆகும்னு சொல்றேன்"னா.

எப்பயிருந்துன்னேன். "எப்பவுமே அப்படித்தான். மத்ததெல்லாம் சும்மா உங்களுக்காகப் பண்றது. நீங்க பக்கத்துல உக்காந்து பாப்பீங்கல்ல"ன்னா.

எப்படி இருக்கும் எனக்கு, சொல்லுங்க? இத்தனை வருசம் நான் ஊரெல்லாம் போய்ப் பல்லு, எலுமிச்சம்பழம், வாயில் சேலைன்னு நம்பிக்கிட்டிருந்திருக்கேன். மத்த கம்பெனிப் பசங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன். அவங்க வீட்டுலயும் எலுமிச்சம்பழம் பிழியறாங்க. கட்டின புருசன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? என்னை ஒரு முட்டாளாட்ட உக்கார வச்சிட்டாளேன்னு ரெண்டு நாள் நான் அவளோட பேசவே இல்ல.

ஆனா யோசிச்சுப் பாத்தா, சார், அதுல விசயம் இருக்குதுங்க. நல்லாப் பூச்சுக் குடுத்த மாவு அவ்வளவாப் பறக்காது. மணல் சேந்த மாவுதான் தொண்டையைப் போய் அறுக்கும். எந்த ரிப்போர்ட்லயும் வராதது அவ தொண்டையில வந்துருது. என்ன ஒரு கணக்கு பாருங்க! கோவம் போயி எனக்குப் பெருமையாப் போச்சு. ஒரே ஒரு கொறை. அவ அதை ஒரு ஒழுங்கில்லாமப் பண்ணிக்கிட்டு இருந்தா. ஜன்னல் தொறந்து கெடக்கும், ஃபேன் ஓடும், அடுப்புல தாளிப்புப் பொகை வேற. அப்பறம் எது மாவுக்கு வந்த இருமல், எது மொளகாய்க்கு வந்த இருமல்னு எப்படித் தெரியும்?

அதனால நான் ஒரு மொறை பண்ணினேன். சமையல் முடிஞ்சதுக்கு அப்பறந்தான். ஜன்னலைச் சாத்திருவேன். ஃபேனை நிறுத்திருவேன். ஒரு நேரத்துக்கு ஒரு பொட்டலம். அவ சலிப்பா. நான் பக்கத்துல நின்னு, "இருமல் எப்படி"ன்னு கேப்பேன். "கொஞ்சம்"பா, இல்ல "ஜாஸ்தி"ம்பா. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல தொண்டை தெளியட்டும்னு சுடுதண்ணியில பனங்கல்கண்டு போட்டுக் குடுப்பேன். நானே வச்சுக் குடுப்பேன் சார். கல்யாணமான நாள்ல இருந்து அடுப்புப் பக்கம் போகாதவன். அவளே சொன்னா, "என்ன மாமா, புதுசா கவனிக்கறீங்க"ன்னு. சிரிச்சா. சிரிக்கறப்பவே இருமல் வந்துருச்சு. அது எந்தக் கணக்குலயும் சேராதுன்னு விட்டுட்டேன்.

அந்த மூணு மாசம் ஒரு குழாய் திரும்பி வரலீங்க. ஒண்ணே ஒண்ணு கூட.

அப்பப் பாத்து மக வந்தா. ஹேமலதா. சொல்லாம கொள்ளாம வந்துட்டா. அடுப்படிக் கதவைத் தொறந்தவ அப்படியே நின்னுட்டா. அவங்கம்மா தலைமுடி பூரா வெள்ளை, புருவமெல்லாம் வெள்ளை, நான் பக்கத்துல டம்ளரை வச்சுக்கிட்டு நிக்கறேன். மக போயி ஜன்னலைத் தொறந்தா. அவங்கம்மா துணிமணியை எடுத்து ஒரு பையில திணிச்சா. நான், "அம்மணி, இன்னொரு பொட்டலந்தான் பாக்கி, முடிச்சிட்டுப் போகட்டும்"னேன். மக என்னைப் பாத்த பார்வை இருக்குது பாருங்க... நம்ம பெத்த புள்ள நம்மளை அப்படிப் பாக்கக்கூடாது சார்.

பொள்ளாச்சியில எவனோ டாக்டர் படம் எடுத்துப் பாத்துட்டு, நெஞ்சு பூரா தூசி, இனி ஒரு துளி ஆகாதுன்னு சொல்லிட்டானாம். படியேறினா மூச்சு வாங்குதாம். டாக்டருங்க சொல்லுவாங்க. நான் எத்தனை வருசமா அந்தத் தூசியிலயே கெடக்கறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே? மக போன்ல ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினா. "அப்பா, நீங்க எப்ப வேணா வாங்க. அந்தப் பை மட்டும் வரக்கூடாது."

அம்சா போனதுக்கு அப்பறம் வந்த மொத சாம்பிளை நானேதான் பாத்தேன். வாயில் சேலையை நானே கட்டினேன். ஜன்னலைச் சாத்தினேன். மூக்குக்கிட்ட வச்சு இழுத்து இழுத்துப் பாத்தேன். ஒண்ணுமே வரல சார். ஒரு செருமல் கூட வரல. எத்தனையைச் சலிச்சாலும் எனக்கு எல்லாம் ஒண்ணுதான். கடைசியில ரிப்போர்ட்டைப் பாத்து எதுவோ ஒண்ணைச் சொன்னேன். ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குப் பதிச்ச குழாய், மோட்டாரைப் போட்ட அன்னைக்கே நீளத்துக்கும் வெடிச்சுப் போச்சு. லோடு திரும்பி வந்துச்சு. சின்ன மொதலாளி என்னைக் கூப்பிடல, திட்டல. நான் டீ குடிச்சிட்டு வந்து பாக்கறேன், என்ற மேசையில ஒரு ஒடஞ்ச குழாய்த் துண்டு. ரிப்போர்ட்டு மேல பறக்காம இருக்கறதுக்கு வைப்பாங்கல்ல, அப்படி வச்சிருக்குது. அதுதான் சார் அவர் சொன்னது. இன்னமும் அங்கதான் இருக்குது. எடுத்துப் போட எனக்கும் மனசு வரல.

இந்த வயசுல என்னை யாரு சார் வேலைக்கு எடுப்பாங்க? பவுடரைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

அதனாலதான் கொண்டு போறேன். மக வீட்டுக்குள்ள கொண்டு போகல. அவ சொன்ன சொல்லை மீறமாட்டேன். வீட்டு கேட்டுக்கு வெளியில ஒரு வேப்பமரம் இருக்குது. அம்சாவை அங்க வரச் சொல்லி, மூணுலயும் ஒரே ஒரு சிட்டிகை. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும். வெளிக்காத்துத்தானே? என்ன ஆயிரப் போகுது?

சும்மா பாருங்களேன், கையில வாங்கிப் பாருங்க. இது மொதப் பொட்டலம். திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லு. வெரல்ல தேய்ங்க, எப்படி வழுவழுன்னு இருக்குது. இருங்க, ரெண்டாவதையும் பிரிக்கறேன். இது சேலம் பக்கம். கொஞ்சம் மஞ்சளாத் தெரியுதா? தெரியாது, எனக்கே தெரியாது. இது மூணாவது. ஆந்திராவுல இருந்து புதுசா வந்திருக்கற பார்ட்டி. வெலை கம்மி, அதுதான் சின்ன மொதலாளிக்கு ஒரு கண்ணு. அடடா, ஜன்னல் காத்து... மேல பட்டுருச்சா? தொடைச்சுக்குங்க, கறை புடிக்காது.

என்னங்க? தண்ணி வேணுமா? இந்தாங்க. மெதுவா, மெதுவா. என்னங்க இப்படி இருமறீங்க...

சார். ஒரு நிமிசம் இருங்க சார். மொதப் பொட்டலத்தைப் பிரிச்சப்ப சும்மாத்தானே இருந்தீங்க? ரெண்டாவதுக்கு லேசாத் தொண்டையைச் செருமினீங்க. நான் பாத்தேன். மூணாவதுக்குத்தான் இது. ஆமாவா இல்லையா, தலையை மட்டும் ஆட்டுங்க போதும், பேச வேண்டாம். ஆமா? சத்தியமா? அட சாமி! மணல்தான் சார், ஆந்திராக்காரன் மணலைப் போட்டிருக்கறான். மொதப் பொட்டலந்தான் சார். முடிஞ்சுது. திங்கக்கிழமை கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிருவேன், மொததுக்கு ஆர்டர் போடுங்கன்னு.

நீங்க நல்லா இருக்கோணும். உங்க கையைக் குடுங்க. தண்ணியை முழுசாக் குடிச்சிருங்க, எனக்கு வேண்டாம். பனங்கல்கண்டு ஒண்ணு சட்டைப் பையில கெடக்கும், இருங்க. இந்தா. வாயில அடக்கிக்குங்க. இப்ப சரியாயிரும். அவளுக்கும் இதுதான் குடுப்பேன்.

அப்பாடா.

கோமங்கலம் தாண்டியாச்சா? அடுத்தது நம்ம ஸ்டாப்புத்தான். கண்டக்டர் இந்தப் பக்கமே பாக்கறாரு.

இறங்கணும்.

இல்ல சார், ஒண்ணுமில்ல. யோசனையா இருக்குது. இப்ப மூணுல எதுன்னு தெரிஞ்சு போச்சு. அவகிட்டக் கேக்கறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. பையை உங்க சீட்டுக்கு அடியிலயே விட்டுட்டுக்கூடப் போயிரலாம். மகளும் ஒண்ணும் சொல்லமாட்டா. ஆனா வெறுங்கையோட போயி அவ முன்னால உக்காந்து நான் என்னங்க பேசறது? சாயங்காலமானா நாங்க பேசினதெல்லாம் பொட்டலத்தைப் பத்தித்தான். வேற என்ன பேசினோம்னு ஞாபகத்துக்கே வரமாட்டேங்குது.

என்ன சொல்றீங்க? உடம்பு எப்படி இருக்குது, இருமல் எப்படி இருக்குதுன்னு கேக்கச் சொல்றீங்க. அதைக் கேக்கமாட்டனா சார்? நானும் மனுசன்தானே. போன வாரம் போன்ல கேட்டேன். சாம்பிளைப் பத்திப் பேச்சே எடுக்கல. நெசமாலுமே, அவளுக்காகத்தான் கேட்டேன். "அம்சா, இருமல் எப்படி இருக்குது?"ன்னேன்.

அவ மெதுவாக் கேட்டா சார்.

"எந்தப் பொட்டலத்துக்கு மாமா?"